பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை

நியூசிலாந்துக்கு வந்த மூன்றாவது ஆண்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மற்றவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து, அதற்கு ஓர் எண் போடும் வேலை. எங்கள் ஊரில் இதே வேலையைச் சம்பளம் வாங்காமல் வேலியோரம் நின்று செய்தவர்கள் பலர். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. என்னிடம் கேட்டார்கள்.

கொழும்பில் பத்து வருடம் அரசாங்கத்தில் புள்ளிவிவர உத்தியோகத்தராக இருந்தவள் நான். அந்தச் சான்றிதழ்களைப் பார்த்த ஓக்லாந்து மனிதர்கள் எல்லோரும் "மிக நன்று, மிக நன்று" என்று பாராட்டிவிட்டு, விளம்பரத் தாள் மடிக்கும் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். என் கணவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஒரு மாவட்டத்துக்கே வாய்க்கால் வெட்டிய மனிதர் ஓக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயத்தைப் பெரிது, சிறிது, அழுகல் என்று பிரித்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒருவகைப் புள்ளிவிவரம்தான் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே, நகர நடுவில், லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம் என்னைக் கூப்பிட்டபோது, படியேறி முடிப்பதற்குள்ளேயே நான் சம்மதித்துவிட்டேன்.

என் மேலதிகாரி வட ஐரோப்பாக்காரர். அங்கே தன் நாட்டின் புள்ளிவிவர அலுவலகத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, நியூசிலாந்துப் பெண்ணொருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். மனைவிக்காக நாட்டை விட்டார். அலுவலகத்தை மட்டும் விடவில்லை. வாய் திறந்தால் ஐரோப்பிய முறைமை. முதல் நாளே என்னை உட்கார்த்தி விளக்கினார். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு புள்ளிவிவர அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கௌரவம், தனி மூக்கு. அவரவர் தங்கள் சனங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வார்கள். ஆனால் எதை எப்படி எண்ணுவது என்பதற்கு எல்லோருக்கும் ஒரே வரைவிலக்கணம். லக்சம்பர்க்கில் ஒரு நடு அலுவலகம் இருக்கிறது. அது வீடு வீடாகப் போய் எண்ணாது. மற்றவர்கள் எண்ணி அனுப்புவதை வாங்கி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கலியாண வீட்டு மூத்த மாமா. தான் ஒரு கதிரையையும் தூக்கமாட்டார், எல்லாக் கதிரையும் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த நாடுகள் எல்லாம் கூடி, மனிதர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் பொது முறையில் அளக்கப் பார்க்கின்றன என்றார் அவர். அதற்கு ஒரு பட்டியல். மனிதன் செய்யக்கூடிய ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் எண். காட்டில் காளான் பொறுக்குவது வீட்டு வேலையா, பொழுதுபோக்கா என்று ஒரு கூட்டத்தில் இரண்டு நாள் விவாதித்தார்களாம். மத்தியானம் கோப்பி குடிப்பது சாப்பாடா, ஓய்வா என்பதில் ஒரு நாட்டுப் பிரதிநிதி எழுந்து வெளியே போய்விட்டாராம். அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் பழைய போர்வீரனின் களை. எங்களுடைய நாட்டிலும் கூட்டங்களிலிருந்து எழுந்து வெளியே போகிறார்கள், ஆனால் கோப்பிக்காக அல்ல என்று சொல்ல நினைத்தேன். புது வேலை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு அந்த முறைமையில் ஒரு சொந்த அக்கறையும் இருந்தது. என் அண்ணன் பாரிஸில், அக்கா ஜெர்மனியில், இரண்டு தம்பிமார் சுவிஸில் ஒருவன், டென்மார்க்கில் ஒருவன். ஒருவனை அந்த நாட்டு அலுவலகம் அகதி என்று எண்ணியது, இன்னொருவனை அகதி கேட்பவன் என்று எண்ணியது, அக்காவைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளப்படுபவள் என்று எண்ணியது. அம்மா பெற்றவர்களை ஒன்றாய்க் கூட்டிப் பார்க்க வேண்டுமென்றால் லக்சம்பர்க்கில்தான் மனுப் போட வேண்டும். சுவிஸ் அந்தக் கூட்டில் சேராததால், சுவிஸ் தம்பியை அங்கேயும் கூட்டமாட்டார்கள்.

அந்த ஐரோப்பியப் பட்டியல் ஓக்லாந்தில் செல்லுபடியாகுமா என்று எங்கள் நிறுவனம் சின்னதாக ஒரு வெள்ளோட்டம் பார்க்க விரும்பியது. சமோவாக்காரர் கொஞ்சம், சீனர் கொஞ்சம், தமிழர் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதித் தர வேண்டும். தாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு, மூன்று நிரல். என்ன செய்தீர்கள், அதே நேரத்தில் வேறென்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள். தமிழிலேயே எழுதலாம். எண் போடுவது என் பொறுப்பு.

பன்னிரண்டு வீட்டைப் பிடித்துத் தரச் சொல்லி எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளரிடம் போனேன். மன்னார்ப்பக்கத்து மனிதர். எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஓக்லாந்துத் தமிழர் எவருடைய விசாப் படிவமும் அவருடைய மேசையைத் தொடாமல் குடிவரவு இலாகாவுக்குப் போனதில்லை. அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"தங்கச்சி, இது இமிக்ரேசனுக்குப் போகாதோ?"

"போகாது அண்ணை. பேரே எழுதத் தேவையில்லை."

"பேர் இல்லாட்டித்தான் கூடப் பயம்" என்றார். பிறகு, "சரி, சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒரு மாதிரித் தாள் நிரப்பித் தாரும். நான் பாத்துக்கொள்ளுறன்."

இந்த இடத்தில் என் படிப்பும் பத்து வருட அனுபவமும் எனக்குக் கொஞ்சமாவது கைகொடுத்திருக்க வேண்டும். கைகொடுக்கவில்லை. அவருடைய மேசையிலேயே இருந்து ஒரு மாதிரித் தாள் நிரப்பினேன். உண்மையான ஞாயிற்றுக்கிழமையை எழுத வெட்கமாக இருந்தது. ஆகவே ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன். காலை ஆறு மணிக்கு எழும்பினேன். அரை மணி நேரம் நடந்தேன். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். மாலையில் ஒரு புத்தகம் வாசித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழரையிலிருந்து எட்டு வரை கோப்பைகள் கழுவினோம். யாரோடு என்ற நிரலில், கணவரோடு. அவர் கழுவ, நான் துடைத்தேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் கழுவிய கோப்பைகளை எண்ண விரல்கள் தேவையில்லை. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அதனால் எழுதினேன்.

இரண்டு வாரத்தில் பன்னிரண்டு தாளும் வந்து சேர்ந்தன. ஒன்றும் பிந்தவில்லை, ஒன்றிலும் வெற்றிடம் இல்லை. சமோவாக்காரர் பாதிப்பேர் இன்னும் தரவில்லை, சீனர் நான்கு பேர் கதவே திறக்கவில்லை. என் சமூகத்தை நினைத்து நெஞ்சு நிமிர்த்தி, கட்டைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் நேரம் தெரியும், கோடு தெரியும், எந்த இடத்தில் யாருக்குச் சரி போட்டிருக்கிறது என்று தெரியும். தாள்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மேசையில் பரப்பினார். பிறகு எழுந்து நின்று பார்த்தார்.

பன்னிரண்டு வீடும் காலை ஆறு மணிக்கு எழும்பியிருந்தன. பன்னிரண்டு வீடும் அரை மணி நேரம் நடந்திருந்தன. அன்றைக்கு ஓக்லாந்தில் காலையிலிருந்து அடைமழை. பன்னிரண்டு பேரும் மாலையில் புத்தகம் வாசித்தார்கள், பன்னிரண்டு பேரும் ஏழரைக்குக் கோப்பை கழுவினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் ஆண்கள். ஏழு பேரும் தங்கள் கணவரோடு சேர்ந்து கழுவியிருந்தார்கள்.

"உங்கள் சமூகம் இவ்வளவு முற்போக்கானது என்று எனக்குத் தெரியாது" என்றார் மேலதிகாரி.

அவர் கேலி செய்கிறாரா என்று அறிய நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் கேலிக்காகச் செய்யப்பட்டதல்ல. "ஐரோப்பாவில் இத்தனை வருடமாக நாங்கள் ஒத்திசைவு, ஒத்திசைவு என்று கூட்டம் வைக்கிறோம்" என்றார் மெதுவாக. "இப்படியொன்றை நான் கண்டதில்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. மாதிரித் தாள் நான் எழுதியது என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனத்தை ஆற்றியிருப்பேன். ஒரு வாரம் தந்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் நானே போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமையை உண்மையாக எழுதி வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் தமிழர்களை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார். என்னை எதிலிருந்து எடுப்பார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேரே அண்ணையிடம் போய்ச் சன்னதம் ஆடினேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"நான் ஒரு போட்டோக்கொப்பிதான் அடிச்சுக் குடுத்தனான். பிழை என்ன? இஞ்ச பாரும் தங்கச்சி, ஒருத்தன் ஒரு மாதிரிச் சொல்லி, மற்றவன் வேற மாதிரிச் சொன்னால்தானே பிடிக்கிறவங்கள்? எல்லாரும் ஒண்டையே சொன்னால் ஆர் என்ன செய்யிறது?"

அவர் சொன்னது உண்மை. சோதனைச் சாவடியில் கணவனைத் தனியாகவும் மனைவியைத் தனியாகவும் நிறுத்திக் கேட்பார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், நேற்று என்ன சாப்பிட்டாய். ஒருவர் புட்டு என்று சொல்லி மற்றவர் இடியப்பம் என்று சொன்னால் அன்றைக்கு வீடு திரும்புவது நிச்சயமில்லை. விசா நேர்முகத்திலும் அதே கதைதான், கதிரை மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஆகவே எங்கள் சனம் வழியில் பாடமாக்கிக்கொண்டு போகும். அரசாங்கம் கேள்வி கேட்டால் உண்மை எது என்று யாரும் யோசிப்பதில்லை, மற்றவன் என்ன சொன்னான் என்றுதான் யோசிப்பார்கள். அந்தச் சனத்திடம்போய் நான் மாதிரித் தாள் கொடுத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்றால் குரங்கைத் திட்டி என்ன பயன்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் எப்ப கோப்பை கழுவினனான்?"

"ஓக்லாந்திலை பன்னிரண்டு வீட்டிலை கழுவியிருக்கிறியள். எங்கட வீட்டிலை மட்டும்தான் இன்னும் இல்லை" என்றேன்.

அன்று அவர் தன் கோப்பையைத் தொட்டிவரை கொண்டுபோய் வைத்தார். கழுவவில்லை. அதற்கும் பட்டியலில் ஓர் எண் இருந்திருக்கும்.

அந்த ஒரு வாரம் நான் ஓட்டிய தூரத்துக்கு எங்கள் பழைய கார் என்னை மன்னிக்காது. பக்குரங்காவில் ஒரு சென்னைத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை. அவருக்குச் சோதனைச் சாவடியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அவரும் ஈயடிச்சான் காப்பிதான் அடித்திருந்தார். "ஆமாங்க, எழுதினேன். எல்லாரும் இதைத்தான் எழுதுறாங்கன்னு அண்ணன் சொன்னாரு. நாம மட்டும் தனியா ஏதாவது எழுதி மாட்டிக்கக் கூடாதில்லையா?" என்றார். நோய் பரவுவதற்குப் போர் தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தனியாக வாழும் ஒரு பெரியவர், கணவரோடு கோப்பை கழுவியது எப்படி என்று நான் கேட்டதும், "பிள்ளை, தாளிலை இருந்தது, எழுதினனான். அரசாங்கத்துக்குத் தெரியாததோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

உண்மையான ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவரும் நடக்கவில்லை. ஒருவரும் புத்தகம் வாசிக்கவில்லை. ஆண்கள் வாடகைக்கு எடுத்த வீடியோப் படம் பார்த்தார்கள், பெண்கள் ஒரு வாரத்துக்குக் கறி சமைத்து உறைபெட்டியில் வைத்தார்கள். இரண்டு வீடுகளில் யாரோ செத்த செய்திக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். செத்தவர் ஊரில், துக்கம் கேட்டது ஓக்லாந்தில். அதைச் சமயச் சடங்கில் போடுவதா, நண்பர்களைச் சந்திப்பதில் போடுவதா என்று மேலதிகாரியோடு அரை நாள் விவாதித்தேன். எழுந்து வெளியே போகும் அளவுக்கு அது வரவில்லை. ஆனால் அந்தக் கோப்பிக்காரப் பிரதிநிதி மேல் எனக்கு அன்றைக்கு ஒரு மரியாதை வந்தது.

கடைசி வீடு மாசி என்ற புறநகரில்.

அந்த வீட்டுக்காரி யாழ்ப்பாணப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவள். பத்து வயது மகளோடு அண்ணன் குடும்பத்தின் பொறுப்பில் இங்கே வந்து, வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டு தனியாக வாடகைக்கு இருந்தாள். கணவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. அதற்குள் போர் வந்து, யாழ்ப்பாணமே பெயர்ந்து வன்னிக்குப் போனது. அவரும் அந்தச் சனத்தோடு போனார். அங்கே தொலைபேசி கிடையாது. அவர் எப்படியாவது வவுனியாவுக்கு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்குப் போன் எடுப்பதாக, வெளியே வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. அங்கே மத்தியானம் என்றால் இங்கே பின்னேரம். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் அவளுடைய வீட்டுக்கு யாரும் போன் எடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விதி அது.

முதல் தடவை அவளும் என் மாதிரித் தாளைத்தான் எழுதித் தந்திருந்தாள். கணவரோடு கோப்பை கழுவியதையும் சேர்த்து. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வெட்கம் மேலதிகாரி தந்த வெட்கத்தைவிடப் பெரியது.

இரண்டாம் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். நான் வாசித்தேன். காலை எழும்பியது, உடுப்புத் தோய்த்தது, தேவாலயம், சமையல், எல்லாம் ஒழுங்காக இருந்தன. பின்னேரம் ஆறு பத்துக்கு, "போனடியில் இருந்தேன்." ஆறு இருபதுக்கும் அதுதான். ஆறு முப்பதுக்கும் அதுதான். கீழே கீழே ஒவ்வொரு கோட்டிலும் மேற்படிக் குறி போடாமல், முழுச் சொல்லையும் எழுதியிருந்தாள். ஒன்பது ஐம்பது வரை. இருபத்திரண்டு கோடு.

அதே நேரத்தில் வேறென்ன செய்தீர்கள் என்ற நிரல் முழுக்க வெறுமை.

"ஒண்டும் செய்யிறேல்லையோ? ஒரு தையல், ரி.வி?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. குக்கர் விசிலடிச்சால் மணிச் சத்தம் கேக்காது. அதாலை சமையலையும் வெள்ளனவே முடிச்சிடுவன்."

மகள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மம் ஜஸ்ட் சிட்ஸ் தேர். எவ்ரி சண்டே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். எங்கள் பட்டியலுக்குத் தகுந்த பிள்ளை.

பிறகுதான் மூன்றாவது நிரலைப் பார்த்தேன். யாரோடு இருந்தீர்கள். இருபத்திரண்டு கோட்டிலும் கணவரோடு என்ற இடத்தில் சரி போட்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியும் பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறாளே என்று.

"தங்கச்சி, இது பழைய தாளிலை இருந்து வந்ததோ? இதிலை தனிய எண்டெல்லோ போட வேணும். அவர் இஞ்சை இல்லையே."

அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்த நேரம் நான் வேற ஆரோடை அக்கா இருந்தனான்?"

என் வாய்க்கு ஓக்லாந்தில் நல்ல பெயர் கிடையாது. எந்தச் சபையிலும் ஒரு பதில் வைத்திருப்பவள் என்று சொல்வார்கள். அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடித்தேன். சுட்டது.

புறப்படும்போது வாசலில் வைத்துக் கேட்டாள். "இதை எண்ணுவினமோ அக்கா? எறிஞ்சுபோடமாட்டினமோ?"

"ஏன் எறியினம்?"

"இல்லை, நான் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறனான் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. இந்தத் தாள்தான் கேட்டது. அதுதான் உள்ளதை எழுதினனான்."

எண்ணுவார்கள் என்று சொன்னேன். பிறகுதான் காரில் ஏறி, ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்று உணர்ந்தேன். பட்டியலில் உறங்குவதற்கு எண் இருந்தது, காளான் பொறுக்குவதற்கு இருந்தது, நாயை நடத்திக்கொண்டு போவதற்கு இருந்தது. போனடியில் இருப்பதற்கு இல்லை. எண் போட முடியாத கோடுகள் ஒரு தாளில் அளவுக்கு மிஞ்சினால் அந்தத் தாளையே ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு கோடு என்பது அளவுக்கு மிஞ்சியதுதான். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை குப்பைக்கூடைக்குப் போகும்.

மேலதிகாரி முதலில் "ஓய்வு" என்று போடச் சொன்னார்.

"அவள் ஓய்வெடுக்கவில்லை" என்றேன்.

"ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஐரோப்பாவில் நாங்கள் அதை ஓய்வு என்போம்."

"ஐரோப்பாவில் நீங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. சீனர் பகுதிக்கு எண் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வேலை போனால் விளம்பரத் தாள் மடிக்கலாம் என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னேன். மூன்று மணி நாற்பது நிமிடம் ஒரு மனுஷி குக்கர் வைக்கப் பயந்து, தண்ணிக் குழாய் திறக்கப் பயந்து, காதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், இதற்குப் பெயர் ஓய்வென்றால் உங்கள் பட்டியலை எழுதியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை ஓய்வெடுத்துப் பார்க்கட்டும் என்றேன்.

அவர் என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. அவரைப் போன்றவர்களைத் திட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு தெளிவு கேட்டு எழுதுவார்கள். தன் பழைய அலுவலகத்துக்கு ஒரு தொலைநகல் எழுதினார். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒருவர் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறார், எந்த எண்? அங்கேயிருந்தவர்கள் பட்டியலைப் பேணும் வேறு யாரையோ கேட்டார்கள். ஒரு வாரம் போனது. ஓக்லாந்தின் ஒரு சமையலறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஐரோப்பா யோசித்துக்கொண்டிருந்தது. அவளுடைய கணவரைப் பற்றியும் இவ்வளவு கவனமாக யாராவது யோசித்திருக்கலாம்.

பதில் ஒரு வரியில் வந்தது. காத்திருப்பு தனிச் செயல் அல்ல, எதற்காகக் காத்திருந்தாரோ அந்தச் செயலோடு சேர்த்து எண்ண வேண்டும். பேருந்துக்காக நிற்பது பயணம். வைத்தியருக்காக இருப்பது வைத்தியம்.

மேலதிகாரிக்குப் பரம திருப்தி. "பார்த்தீர்களா, விதி இருந்திருக்கிறது" என்றார்.

நான் இருக்கைக்குப் போய்த் தாளை எடுத்தேன். எதற்காகக் காத்திருந்தாள்? கணவனோடு கதைப்பதற்காக. தொலைபேசியில் குடும்பத்தாரோடு உரையாடல் என்று ஓர் எண் பட்டியலில் இருந்தது. ஆறு பத்துக்கு அந்த எண்ணைப் போட்டேன். ஆறு இருபதுக்குப் போட்டேன். நானும் மேற்படிக் குறி போடவில்லை. இருபத்திரண்டு கோட்டுக்கும் இருபத்திரண்டு தடவை எழுதினேன். யாரோடு என்ற நிரலில் கை வைக்கவில்லை. மேலதிகாரி வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். கணவர் நாட்டிலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அழைப்பு வரவில்லை என்பதும் தெரியும்.

"விதிப்படி சரி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய முறைமையின் மேல் எனக்கு அன்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் முழுக்க அவளுடைய கணவரின் அழைப்பு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அவள் மெல்பேர்னுக்கு மாறிப் போனபோது, அந்தத் தொலைபேசி எண்ணை மட்டும் என் வீட்டுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். மாற்றிக்கொண்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் சமையலை வெள்ளன முடித்துப் பார்த்த பிறகு, மூன்றாவது ஞாயிறு என் கணவர் எழுந்துபோய்க் கோப்பைகளைக் கழுவினார். தண்ணிக் குழாயை நூல் போலத் திறந்து, ஒன்றோடொன்று முட்டாமல், சத்தமில்லாமல். நான் போனடியில் இருந்தேன். மணி அடிக்கவில்லை. எவர் எடுத்தாலும் அவள் மெல்பேர்னில் இருக்கிறாள் என்று சொல்வதற்காக அவளுடைய புது எண்ணைத் துண்டில் எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதைச் சொல்லும் தேவை எனக்கு வரவேயில்லை.

ஆனால் கணக்கு கணக்குத்தான். ஐரோப்பிய முறைமையின்படி, ஓக்லாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாசியில் ஒரு மனைவியும் அவளுடைய கணவரும் ஆறு பத்திலிருந்து ஒன்பது ஐம்பதுவரை இடைவிடாமல் கதைத்தார்கள்.